நாக்கு பார்க்கும் வரிசை

அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். பயம்தான் காரணம். யாராவது படித்துவிட்டு ஃபோன் போட்டு, "உன்னப் பத்தி இப்படி எழுதியிருக்காங்க" என்று சொல்லி, அவள் பஸ் ஏறி வந்து என் வாசலில் நின்று, "நல்லா இருக்கீங்களாங்க?" என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? அவள் 'ங்க' போட்டுப் பேசினால் அது மரியாதை இல்லை. நம்மைக் குறித்து வைத்துவிட்டாள் என்று அர்த்தம். நான் அவளை அக்கா என்பேன். அவள் என்னை வாடி போடி என்பாள். அந்த வாடி போடி இருந்தவரை எனக்கு ஆபத்தில்லை.

மெலிந்த உடம்பு. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, யாரையோ அடிக்கப் போகிறவளைப் போல விறுவிறுவென்று நடப்பாள். ஆனால் அவள் யாரையும் அடித்ததில்லை, யாரிடமும் சத்தம் போட்டதில்லை, ஒரு கெட்ட வார்த்தைகூட நான் அவள் வாயால் கேட்டதில்லை. அவள் செய்ததெல்லாம் காத்திருந்ததுதான். தப்புச் செய்த ஆள் வந்து "தப்புத்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிமிடமே விட்டுவிடுவாள், பழைய பேச்சை எடுக்கவே மாட்டாள். சொல்லாவிட்டால் அந்த ஆளுக்கு விமோசனம் கிடையாது.

தா.பழூர் பக்கம் பிறந்தவள். பெரம்பலூருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் வேலைக்கு வந்தாள். ஒரு மழை நாளில் கண்டக்டர் ஒருவன் அவள் ஊரில் பஸ்ஸை நிறுத்தாமல் அடுத்த ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "எறங்கறவங்க முன்னாடியே வந்து நிக்கணும், மகாராணிக்கு நாங்க வந்து கதவத் தொறந்து விடணுமா?" என்று பஸ்ஸே சிரிக்கும்படி சொல்லியிருக்கிறான். மறுநாள் காலை அதே பஸ் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள். அவன் எட்டிப் பார்த்தான். "போங்க, நான் வரலைங்க" என்றாள். அடுத்த பஸ்ஸில் ஏறி வேலைக்கு வந்தாள். இது தினமும் நடந்தது. நிறுத்தத்தில் வேறு ஆட்களும் நிற்பதால் நிற்காமலும் போக முடியாது. உள்ளே இருப்பவர்கள் இப்போது அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் திட்டிப் பார்த்தான். டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டே பார்த்தார்.

பிறகு அவனை வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கும் பிறகு ஒரு லீவு நாளில், காக்கி இல்லாமல் சாதாரணச் சட்டையில் அந்த நிறுத்தத்துக்கு வந்து, "அன்னிக்கு நான் பேசுனது தப்புத்தாங்க்கா" என்றானாம். "அதுக்கென்ன தம்பி, டீ குடிக்கிறியா?" என்று வாங்கிக் கொடுத்து அனுப்பினாளாம். அதன் பின் அவனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சொந்தத் தம்பியைச் சொல்வதுபோலச் சொல்வாள்.

நாத்தனாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு காதுகுத்தில் நாலு பேர் முன்னால், "இவ கைச் சமையலுக்கு உப்பே ஏறாது" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எந்த விசேஷத்தில் அந்த அம்மாள் இலை முன்னால் உட்கார்ந்தாலும், இவள் போய் ஒரு கை உப்பை இலையில் குவித்து, "அண்ணிக்குத் தனியாங்க" என்று சொல்லிவிட்டு வருவாள். அந்த அம்மாள் அழுதாள், அக்கா வீட்டுக்காரரான தன் தம்பியிடம் முறையிட்டாள். தப்புத்தான் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லாமலே ஒரு நாள் செத்தும் போனாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் போயிருந்தேன். படையல் இலையில் வடை, பாயசம், அப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு கை உப்பு குவிந்திருந்தது. "செத்தவங்ககிட்ட என்னக்கா?" என்று காதோடு கேட்டேன். "சொல்லலையேடி" என்றாள். அன்றைக்கு என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு மிட்டாய்க் கம்பெனி. அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற ரோட்டில், தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். ஆரஞ்சு, எலுமிச்சை, திராட்சை என்று சீனிப்பாகில் செய்கிற மிட்டாய்கள். அவ்வளவும் வெளிநாட்டுக்கு. துபாய், ஷார்ஜா, மஸ்கட் என்று கப்பலில் போகும். நான் டின்களுக்கு லேபிள் ஒட்டுகிறவள். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் அரபி. ஆரம்பத்தில் அரபியைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, ஒரு லோடு முழுக்கச் சுடுதண்ணீர் வைத்து உரித்திருக்கிறோம். அவள் மிட்டாய்க்குத் தாள் சுற்றுகிற மேஜையில். காற்றில் ஈரம் பட்டால் மிட்டாய் கசியும் என்று அந்த அறையில் ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே அப்படியே அவிந்து கிடப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளுக்கு இனிப்பே பிடிக்காது. டீயைக்கூடச் சர்க்கரை இல்லாமல்தான் குடிப்பாள். சக்கரை வியாதியா என்று கேட்டால், "ஆமா, பாத்துப் பாத்தே வந்துருச்சு" என்பாள்.

முதலாளிக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கையில் டார்ச் லைட்டோடு உட்கார்ந்துகொள்வான். பொம்பளைகள் எல்லாம் வரிசையாக வந்து அவன் முன்னால் நாக்கை நீட்ட வேண்டும். எவளாவது மிட்டாய் தின்றிருந்தால் நாக்கில் கலர் காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் மிட்டாய் கலர் லேசில் போகிற கலரும் இல்லை. வாய் கொப்பளித்தாலும் மறுநாள் வரை நிற்கும். பாகு காய்ச்சுகிற ஆம்பளைகளுக்கு இந்தச் சோதனை கிடையாது. அவர்கள் வாயில் ஒதுக்கிக்கொண்டே பீடி பற்றவைக்கப் போவார்கள். கல்யாணமானவள், பேரன் எடுத்தவள் எல்லோரும் அவன் முகத்துக்கு நேராக வாயைத் திறந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். "எக்ஸ்போர்ட் கம்பெனின்னா ஒரு டிசிப்ளின் வேணும்" என்பான். அவன் நாசமாய்ப் போக என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நானும் நீட்டியிருக்கிறேன்.

ஒரு ஆடி மாதம். அன்றைக்குத் திராட்சை மிட்டாய் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஒரு கிழவி நாவற்பழம் விற்றாள். அக்கா வாங்கித் தின்றாள். சாயங்காலம் நாக்கை நீட்டினால் கருநீலம். எனக்கு முன்னால் அவள் நின்றதால் நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

"எத்தன தின்ன?"

"நாவப்பழம் சார். மத்தியானம் வாங்குனேன்."

"திருட்டு நாய்ங்களுக்கு நாவப்பழம் ஒரு சாக்கு. அப்படி ஓரமா நில்லு. நாக்க உள்ள இழுக்காத. எல்லாரும் பாத்துட்டுப் போகட்டும்."

நின்றாள். நாங்கள் ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டிப் போனோம். அந்த நேரம் பார்த்து அவள் வீட்டுக்காரர் சைக்கிளில் அவளைக் கூட்டிப்போக வந்தார். சாதுவான மனுஷன், அதிர்ந்து பேசத் தெரியாது. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு பெண்டாட்டி நிற்பதைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். சைக்கிளைத் திருப்பித் தள்ளிக்கொண்டே போய்விட்டார். அதன் பிறகு அவர் கம்பெனிப் பக்கம் வந்ததே இல்லை. வீட்டில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையாம். "கேட்டிருந்தா நாவப்பழம்னு சொல்லியிருப்பேன்டி. கேக்காத ஆளுகிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள்.

மறுநாள் பழக்காரக் கிழவியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "எங்கிட்டதான் சாமி வாங்கித் தின்னுச்சு" என்று கிழவி சொன்னது. முதலாளி, "சரி சரி, போய் வேலையப் பாரு" என்றான். அவள் நகரவில்லை.

"நான் எடுக்கலன்னு எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

"சொல்லாட்டி என்ன ஆயிடும்?"

"ஒண்ணும் ஆவாதுங்க. சும்மா கேட்டேங்க" என்றாள்.

அந்த 'ங்க' எனக்குப் புரிந்தது. அவனுக்குப் புரியவில்லை. வேலையை விட்டுவிடு என்று நாங்கள் சொன்னோம். "விட்டுட்டா அவனுக்கு மறந்துரும். தினம் என் மூஞ்சியப் பாக்கட்டும்" என்றாள். தினமும் வரிசையில் வந்து, அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே நாக்கை நீட்டினாள். நாங்கள் எல்லாம் நீட்டியவுடன் இழுத்துக்கொள்வோம். அவள் அவன் போ போ என்று சொல்லும்வரை நிற்பாள்.

எங்கள் சரக்கில் பாதிக்கு மேல் வாங்கியது லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர். ஷார்ஜாவில் மொத்த வியாபாரம். வயசானவர், நாங்கள் பாய் என்போம். இரண்டு வருஷம் கழித்து ஊருக்கு வந்தவர் கம்பெனியைப் பார்க்க வந்தார். முதலாளி தட்டில் மிட்டாயை அடுக்கி வைத்து, ஃபேனைப் போட்டு, எங்களுக்குத் தலைக்குத் தொப்பி கொடுத்து ஒரே அமர்க்களம். அந்தத் தட்டில் இருந்தது நல்ல கலர் போட்டுத் தனியாகக் காய்ச்சியது. டின்னில் போகிற சரக்குக்கு நாக்கில் ஒட்டுகிற மலிவான கலர். இது பெரிய ரகசியமில்லை. வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறந்ததில்லை, அவ்வளவுதான்.

அக்கா எழுந்து போய் குடோனிலிருந்து ஒரு டின்னைத் தூக்கி வந்து பாயின் முன்னால் வைத்தாள். "பாய், தட்டுல இருக்கறது உங்களுக்கு. டின்னுல இருக்கறது உங்க கடைக்கு வர்ற புள்ளைங்களுக்கு. முதலாளியத் தின்னு காட்டச் சொல்லுங்க. எங்க நாக்கத் தினம் அவர் பாக்கறாரு, இன்னைக்கு நீங்க அவரோடதப் பாருங்க."

பாய் அவள் பக்கம் திரும்பினார். "நாக்கப் பாக்கறாரா? பொம்பளைங்க நாக்கையா? அஸ்தஃபிருல்லாஹ், அல்லாதான் மன்னிக்கணும்" என்றார். பிறகு முதலாளியிடம், "தின்னுங்க" என்றார்.

தின்றான். தண்ணீர் கொண்டுவந்தது நான்தான், ஓடிப்போய் ஒரு குடமே கொண்டுவந்தேன். கொப்பளித்தான். நீட்டினான். காக்காய் கொத்திய நாவற்பழம் மாதிரி இருந்தது. மறுபடி கொப்பளித்தான். அப்படியே இருந்தது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

பாய் வியாபாரி. சரக்கை அப்படியே விட்டுவிடவில்லை. கலரை மாற்றச் சொன்னார், வரிசையை நிறுத்தச் சொன்னார், கடைசியாக ஒன்று சொன்னார். இனி ஒவ்வொரு லோடு கிளம்பும்போதும் இந்த அம்மா குடோனிலிருந்து ஒரு டின்னை எடுக்கணும், முதலாளி அதிலிருந்து தின்று வாய் கொப்பளித்து நாக்கைக் காட்டணும், இந்த அம்மா பார்த்துவிட்டு ஃபோனில் "சுத்தம்" என்று அவரிடம் சொல்லணும். அப்புறம்தான் லாரிக்கு சீல்.

அப்படியே நடந்தது. லோடு ஏற்றுகிற நாளில் நாங்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து கூடிவிடுவோம். முதலாளி அவள் முகத்தைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டு நாக்கை நீட்டுவான். அவள் உற்றுப் பார்த்து, "சுத்தம் பாய்" என்பாள். கலரை ஒழுங்காக மாற்றிவிட்டான், அதனால் ஒருநாளும் அவள் மாற்றிச் சொன்னதில்லை. எங்களுக்குப் பழி தீர்ந்தது. அவளுக்குத் தீரவில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் நாக்கை உள்ளே இழுத்த பிறகும் கொஞ்ச நேரம் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "எடுக்கல"ன்னு ஒரு வார்த்தை வருமா என்று. வராது.

இடையில் அவள் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். முதலாளி மாலையோடு வந்தான். அழுதுகொண்டிருந்தவள் அவனைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள். எழுந்து உட்கார்ந்து, அவன் வாயைப் பார்த்தாள். பொணத்தின் காதில் விழாது என்று தெரியும், ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை அவள் எதிர்பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். அவன் மாலையைப் போட்டான், கும்பிட்டான், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவள் என் பக்கம் திரும்பி, "போயிட்டாருங்களா?" என்றாள். என்னிடமே 'ங்க' போட்ட ஒரே தடவை அதுதான்.

அந்த வருஷம் நோன்பு ஐப்பசியில் வந்தது. பெருநாளுக்கான கடைசி லோடு, பெரிய லோடு. அன்றைக்கே லாரி கிளம்பினால்தான் கப்பலைப் பிடிக்கும், பெருநாளைக்கு முன்னால் ஷார்ஜாவில் இறங்கும். விட்டால் அவ்வளவு மிட்டாயும் வீண். முதலாளி அந்த லோடை நம்பிக் கடனுக்குச் சீனி வாங்கியிருந்தான். மழை வேறு மூட்டம் போட்டிருந்தது. லாரி உறுமிக்கொண்டு நின்றது. அவன் தின்றான், கொப்பளித்தான், நீட்டினான். குழந்தை நாக்கு மாதிரி அவ்வளவு சுத்தம். நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம். ஃபோனில் பாய் காத்திருந்தார். அவன் செல்போனை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"முதலாளி, அன்னைக்கு நான் மிட்டாய் எடுக்கலன்னு சொல்லுங்க."

அவன் லாரியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். "எடுக்கல" என்று முனகினான்.

"கேக்கலைங்க."

"நீ எடுக்கலம்மா. எடுக்கவே இல்ல. நாவப்பழம்தான் தின்ன. எனக்கு அப்பவே தெரியும். தப்புத்தான். போதுமா?" எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை வருஷம் இதற்காக நின்றாள். அவள் தலையை ஆட்டினாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினாள்.

"பாய், கலர் இருக்குங்க."

"பொய்! பொய் சொல்றா பாய்! நல்லாப் பாக்கச் சொல்லுங்க!" என்று அவன் கத்தினான். பாய் வேறு யாரிடமாவது கொடுக்கச் சொன்னார். ஃபோன் என் கைக்கு வந்தது. முதலாளி என் பக்கம் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு, நான் கேட்காமலே நாக்கை நீட்டினான். நான் அவ்வளவு கிட்டத்தில் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அவன் என் வாய்க்குள் டார்ச் அடித்திருக்கிறான்.

"ஆமா பாய், இருக்கு" என்றேன். இதை நான் சர்ச்சில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூடச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியதுமில்லை.

பாய், "இவரு திருந்த மாட்டாரு. எறக்கிருங்க" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். முதலாளி கெஞ்சினான், யாரையோ கூப்பிட்டான், கடைசியில் லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்தச் சரக்கு உள்ளூரில் விலை போகவில்லை. பாய் வேறு கம்பெனிக்குப் போனார். அடுத்த வருஷம் பொங்கலுக்கு எங்களுக்கு வேலை இல்லை. நான் பெரம்பலூரில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தேன். சிலபேர் திருப்பூர் போனார்கள். அவர்களில் பாதிப்பேர் இன்றைக்கும் அக்காவைத்தான் திட்டுகிறார்கள். அவனைத் திட்டுகிறவள் நான் ஒருத்திதான்.

அன்று சாயங்காலம் தூறலில் நனைந்துகொண்டு இரண்டு பேரும் ரோட்டில் நடந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவன்தான் சொல்லிட்டானேக்கா. தப்புன்னுகூடச் சொன்னான், எல்லார் முன்னாலயும். இத்தன வருஷமா நீ அதுக்குத்தான இருந்த?"

அவள் நின்று என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. விவரம் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாள்.

"லாரிக்காகச் சொன்னான்டி. எனக்காகவா சொன்னான்?"